சூடு தெரியாத கை

வினாயகமூர்த்தியின் இடது கைப் பெருவிரல் செத்துப்போய் ஒரு மாரி கழிந்திருந்தது. வலியில்லை, புண்ணில்லை. மண்ணைத் தொட்டால் மண் என்று சொல்லாது, அவ்வளவுதான். பிறகு அது சுட்டுவிரலுக்கும் வந்தது.

மண்டூருக்குத் தெற்கே வாவிக்கரையில் இருந்த அந்தக் குயவர் குடியில் பானை சட்டி எல்லாரும் வனைவார்கள். கோயில் நேர்த்திக்கு எருதும் குதிரையும் செய்ய அவன் ஒருவன்தான். அது சக்கரத்து வேலை இல்லை. களிமண்ணைத் திரிதிரியாக உருட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றி, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்து அழுத்தி இழைக்க வேண்டும். உள்ளே போவது இடது கை. சுவர் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று அந்தக் கைதான் சொல்லும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. சுவர் ஒத்துவராத மாடு சூளையில் வெடித்துவிடும்.

மனைவி சீதேவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் சொல்லித் தெரியவில்லை. கொதிக்கிற சோற்றுப் பானையை அவன் வெறும் இடது கையால் இறக்கியதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் தொடக்கம் அவன் திரி ஏற்ற, அவள் உள்ளே கைவிட்டு இழைத்தாள். வாசலில் தட்டியை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வேலை. மகளுக்குச் சம்பந்தம் முடியும்வரை ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது என்றாள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இரண்டு வருஷம் இருந்த அந்தக் காலத்தில், ஊரின் பெரிய வயற்காரர் கந்தப்போடியாரின் மாடுகளைக் கொள்ளைநோய் பிடித்தது. வயல் வட்டையெல்லாம் செத்த மாட்டு நாற்றம். மிஞ்சியது பிழைத்தால் வைகாசிச் சடங்குக்கு ஒரு சோடி மண் எருது வைக்கிறேன் என்று கண்ணகையம்மனுக்கு நேர்ந்தார். மாடுகள் பிழைத்தன. எருது மார்பளவு உயரம் வேண்டும் என்று வினாயகமூர்த்திக்கு ஆள் அனுப்பினார்.

அவனுடைய தம்பி நல்லரத்தினம் சட்டி வனைகிறவன். முன்பொரு வருஷம் ஆசைப்பட்டு ஒரு எருது செய்து கோயிலடிக்குக் கொண்டுவந்தான். வினாயகமூர்த்தி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். போடியாரும் ஊரும் நிற்க, காலால் ஓர் உதை விட்டான். எருது அப்படியே குந்திப்போயிற்று. இது மாடில்லை, நெல்மூடை என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நல்லரத்தினமும் சேர்ந்து சிரித்தான். அதற்குப் பிறகுதான் அண்ணன் வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினான். விறகு பிளந்து கொடுப்பான், களி மிதித்துக் கொடுப்பான்.

நாலு காலையும் முதலில் குழாயாக எழுப்பிக் காயவிட்டு, அதன்மேல் வயிற்றை ஏற்றினார்கள். தொய்யாமல் இருக்க உள்ளே வைக்கோல் அடைத்தார்கள். பிறகு திமில், கழுத்து, தலை. சூளை பிரித்த அன்று நல்லரத்தினமும் கூடநின்றான். சாம்பலுக்குள் கிடந்த தணல் ஒன்று அண்ணனுடைய இடது கையில் ஒட்டியது. அண்ணன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு எருதின் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்லரத்தினம் தணலைப் பார்த்தான், அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பிறகு சாம்பலை அள்ளினான்.

சடங்கு அன்று எருதுகளைக் கோயில் முற்றத்தில் இறக்கினார்கள். போடியார் ஒன்றின் திமிலைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்போது நல்லரத்தினம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"போடியார், அம்மாளுக்கு வைக்கிற சாமான். செஞ்ச கை சுத்தமோ எண்டு ஒருக்காப் பாக்க வேணும்" என்றான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, கண்ண மூடிக்கொண்டு இடது கைய நீட்டுங்க" என்றான்.

மறுத்தால் ஒப்புக்கொண்டது போலாகும். வினாயகமூர்த்தி சீதேவியைத் தேடினான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடிக் கையை நீட்டினான். முள்ளால் குத்துவான் என்று நினைத்தான். ஆட்கள் மூச்செடுக்கிற சத்தம் மாறினால் அந்தக் கணத்தில் கையை இழுத்துக்கொள்ளலாம் என்று காதைக் கூர்மையாக்கினான். சனம் மூச்சே விடவில்லை. கர்ப்பூர வாசம் வந்தது. கோயிலில் கர்ப்பூரம் மணக்கத்தானே செய்யும். அதற்குப் பின்னால் வேறொரு வாசம் வந்தது, மயிர் பொசுங்குகிற மாதிரி. பெண்கள் பக்கத்தில் மகள் வீறிட்டாள்.

கண்ணைத் திறந்தான். பெருவிரலின்மேல் கர்ப்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தோல் கறுத்துச் சுருண்டிருந்தது.

"சுடுது" என்றான்.

போடியார் பின்னுக்குப் போய்த் தன் கையை மணலில் தேய்த்தார். பெருவியாதி, குஷ்டம் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். எருதுகளைத் தொட ஆளில்லை. தூர நின்று உலக்கையாலும் தோணிக் கம்பாலும் அடித்து நொறுக்கினார்கள். உடைந்த ஓடுகள் வினாயகமூர்த்தியின் காலடிவரை வந்து விழுந்தன. சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு. அந்த நிலையிலும் அவனுக்கு அது தெரிந்தது, நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. நல்லரத்தினமும் ஓர் ஓட்டுத்துண்டைக் குச்சியால் புரட்டிப் பார்த்தான். சூடு தெரியாத கையால் இப்படி இழைக்க முடியாது என்று விளங்க அவனுக்கு நேரம் எடுக்கவில்லை. தலையை நிமிர்த்திச் சீதேவியைப் பார்த்தான். ஆனால் ஊருக்கு அதைச் சொல்லவில்லை.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் மேலிடத்துக்கு அறிவித்து, வாவியின் நடுவிலிருந்த தீவு ஆஸ்பத்திரிக்கு வினாயகமூர்த்தியைத் தோணியில் ஏற்றினார்கள். மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் அந்தக் கிழமையே நின்றது.

அடுத்த மாரிக்கு முன் சீதேவி ஒருமுறை தீவுக்கு வந்தாள். கிட்ட வரவிடாத வேலிக்கு அப்பால் நின்றாள். அவளுடைய நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் தாலியும் இல்லை. அவன் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்திருப்பதாகச் சொன்னாள். முன்பு அவர்கள், தகப்பன் உயிரோடு இருக்கிறவரை கலியாணம் வேண்டாம் என்றுவிட்டார்களாம். நல்லரத்தினம்தான் போய் எல்லாம் பேசினானாம்.

"நீங்க தவறிட்டீங்க எண்டு ஊருக்குச் சொல்லியாச்சு. முப்பத்தோராம் நாள் படைச்சு, ஊருக்கு அமுதுச் சோறும் குடுத்தாச்சு" என்றாள்.

அவன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான். போடியாரின் நேர்த்தி என்னவாயிற்று என்று கேட்டான். நல்லரத்தினத்தின் பேரில் புது எருது வைத்தாயிற்று என்றாள். உருட்டி ஏற்றியதும் இழைத்ததும் தான்தான் என்றும், பகலில் நல்லரத்தினத்தின் வீட்டு வளவில் களிவேலை செய்தால்தான் அடுப்பெரிகிறது என்றும் சொன்னாள்.

"கால நல்லாக் காயவிட்டா வயித்த ஏத்தினாய்?"

"ஓம்."

இனி வரமாட்டேன், வந்தது தெரிந்தால் மகளின் வாழ்வு போய்விடும் என்றாள். அழவில்லை. கொண்டுவந்த பொதியை வேலியடியில் வைத்துவிட்டுத் தோணிக்கு நடந்தாள்.

காவற்காரன் வந்து பொதியை எடுத்துக் கொடுத்தான். பெண்சாதியா என்று கேட்டான்.

இல்லை, தம்பி வீட்டில் வேலை செய்கிறவள் என்றான் வினாயகமூர்த்தி.