வயர்லெஸ் கம்பிக்கு இரண்டு கோட்

ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கும் பெயிண்ட் ஷாப்பில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்து பார்த்தால், தங்கை ஷெர்லினிடமிருந்து பதினொரு அழைப்புகள். உடனே திருப்பி அழைத்தேன்.

கோவளத்தில் காற்று எழும்பிவிட்டதாம். கடலுக்குப் போன படகுகளை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார்களாம். அவள் வீட்டுக்காரர் பாபுவிடமிருந்து மட்டும் எத்தனை முறை கூப்பிட்டும் பதிலில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கேன்டீனுக்கும் கேட்டுக்கும் நடையாய் நடந்தேன்.

எலக்ட்ரிகல் பிரிவு நம்பிராஜன் திருநெல்வேலிக்காரர். அவர்தான் பிடித்து உட்கார வைத்து விசாரித்தார். வயர்லெஸ் செட்டில் யாராவது கை வைத்தார்களா? இல்லை. ஒயரை மாற்றினார்களா? அதுவும் இல்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு நான் போய் பாபு படகுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்ததோடு சரி என்றேன். ஸ்பிரே கன் கையில் இருந்தால் எனக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது. படகின் மேலே நின்ற வயர்லெஸ் கம்பிக்கும் மிச்சமிருந்த சில்வரை இரண்டு கோட் அடித்திருந்தேன். குப்பமே மெச்சியது.

நம்பிராஜன் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"சில்வரா? அதுல அலுமினியத் தூள்லா கெடக்கு. கம்பிக்கு இரும்புச் சட்டை மாட்டுன மாதிரிவே. கிட்ட வந்தாத்தான் கேக்கும்."

பேசாமல் இருந்துவிடலாம், பழியைக் காற்றின் மேல் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன். ஆனால் கிட்டப் போய்க் கூப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே பாபு பிழைப்பான்? ஷெர்லினை அழைத்தேன்.

"நான் அடிச்ச பெயிண்டுதாம்மா காரணம். எதுனா போட்டைக் கிட்ட போய்க் கூப்புடச் சொல்லு."

அவள் திட்டவில்லை. மணலில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பெல் அடித்தது. நான் லைனுக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் வந்து கத்தியது எதுவும் காதில் ஏறவில்லை. முக்கால் மணி நேரம் லாக்கர் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பிறகு ஷெர்லின் அழைத்தாள். ஒரு போட் தேடிப் போய் பாபுவைக் கூட்டி வந்துவிட்டதாம். நான் அழுதேவிட்டேன்.

அவள் குரலில் மட்டும் சந்தோஷமே இல்லை.

"அண்ணா, அன்புன்னு ஒருத்தரு, நீ அடிச்சதப் பாத்துட்டு அதே டப்பா வாங்கி அவரு போட்டோட கம்பிக்கும் அடிச்சிக்கினாராம். அவரு இன்னும் வரல. அவரு வூட்டம்மா பாஞ்சாலி பக்கத்துலதான் நிக்குது. என்ன காரணம்னு நீயே சொல்லு."

போன் கை மாறியது.

"சொல்லுங்கண்ணா," என்றார் அந்தப் பெண்.