மாத்திரை டப்பாக் குலுக்கல்

மாவட்டம் மாதிரியான எங்கள் கவுண்ட்டியில் நவம்பர் தேர்தல் வெறும் சம்பிரதாயம். எதிர்க்கட்சி ஆளே நிறுத்தாது. ஆகஸ்டில் எங்கள் கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் ஜெயித்தவருக்குத்தான் பதவி. அதற்கான வாக்குச்சீட்டைத் தயாரிப்பது கவுண்ட்டி கிளார்க் வெர்னா ஷ்லேகலும் அவருக்கு உதவியாளரான நானும். கிளார்க்கும் தேர்தலில் ஜெயித்து வரும் பதவிதான் என்பதால், அந்த வருஷம் சீட்டில் வெர்னாவின் பெயரும் ஏறியது. எதிரே, டிராக்டர் உதிரிபாகம் விற்கும் டுவெய்ன் கெர்ப்ஸ்.

யார் பெயர் மேலே என்பதைக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். முதல் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுக் கிளம்பும் சோம்பேறிகள் இங்கே ஏராளம், அதனால் மேலே இருப்பது பெரிய விஷயம். பெயரெழுதிய தாளைச் சுருட்டி மாத்திரை டப்பாக்களில் அடைத்து, காபி டின்னில் போட்டுக் கிளார்க் எடுப்பது வழக்கம். டப்பாக்கள், இதய நோயில் போன வெர்னாவின் கணவர் எல்டன் விட்டுச்சென்றவை.

வெர்னா எடுத்தார். அவர் பெயரே வந்தது.

டுவெய்ன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "டப்பா உங்க வீட்டுது, கையும் உங்களுது. மொதப் பேரும் உங்களுதாம்மா?"

கூட்டமும் சிரித்தது. வெர்னாவின் காது சிவந்தது. நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"விடுங்க வெர்னா. விழுந்தது விழுந்ததுதான்."

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போகணும்ல."

டின்னை மறுபடி குலுக்கி அவனையே எடுக்கச் சொன்னார். அவன் பெயர் வந்தது. 

அச்சகத்திலிருந்து மாதிரிச் சீட்டு வந்தபோது, எங்கள் வழக்கப்படி ஒருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றவர் சரிபார்க்க உட்கார்ந்தோம். கெர்ப்ஸில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் அதைக் கண்டும் அடுத்த பெயருக்குப் போனேன். வெர்னாதான் அச்சகத்துக்குப் போன் போட்டுத் திட்டித் திருத்த வைத்தார். அவன் பெயர் பிழையில்லாமல் மேலே வந்து உட்கார்ந்தது.

அவனோ ஊர் முழுக்க ஒரே பேச்சாகப் பேசித் திரிந்தான். முதல் குலுக்கல் சுத்தம் என்றால் அந்தம்மா ஏன் மறுபடி குலுக்கினார்? திருட்டு பிடிபட்டதால்தானே? கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நல்லவளாக இருக்கப்போய்த் திருடியானார் வெர்னா. ஒரு பள்ளிப் பேருந்தில் அடங்கும் ஆட்கள்தான் ஓட்டு வித்தியாசம். தோற்றார்.

பதவியை விட்டுப் போகும்போது டப்பாக்களை எடுக்கப் போனார். அது ஆபீஸ் சொத்து என்றான் டுவெய்ன். எல்டனுடையது என்று வெர்னா சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு வேலை வேண்டியிருந்தது.

அடுத்த கட்சித் தேர்தலில் கவுண்ட்டி போலீஸ் தலைவரான ஷெரீஃப் பதவிக்கு இருவர் நின்றார்கள். அதே டின், அதே டப்பாக்கள், எடுத்தது இப்போது கிளார்க்காகிவிட்ட டுவெய்ன். பெயர் கீழே போனவர் முகம் சுளித்தார். மறுபடி குலுக்கலாமா என்று கேட்டார்.

டுவெய்ன் அவர் தோளில் தட்டினான். "அந்தப் பேச்சே வேணாம்ப்பா. இந்த டப்பாவுல இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்ல. வேணும்னா இவங்களக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன்.