நட்டுவின் வெள்ளைத் தடங்கள்

எல்லாரும் சுகந்தானே? சளி, மூட்டுவலி ஒன்றும் இல்லையே? அப்படியானால் உட்காருங்கள். மூக்கண்டப்பள்ளியில் ஒரு வீட்டில் பூனை வெளிக்குப் போகும் மண்ணால் வந்த சண்டையைச் சொல்கிறேன்.

ஜெயமணிக்கு அன்று வந்தது சாதாரணக் கோபம் இல்லை. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தால், வாசலில் வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"என்னாம்மா இது? காயப்போட்ட ராகி மேல பூரா வெள்ள வெள்ளயா கால் தடம்! என் ரூம் வரைக்கும் வந்துகினு இருக்குது. ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன். ஒரு தடம் இருந்தாலும் பூன வெளிய. சொல்லிட்டேன்."

கம்பெனியில் இரும்புச் சீவல் தொட்டிக்குள் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தவள் ஜெயமணி. நட்டு என்று பெயர் வைத்து இரண்டு வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள். இனி எங்கே கொண்டுபோய் விடுவது?

உள்ளே போனாள். நட்டு வெளிக்குப் போகும் பிளாஸ்டிக் தட்டில் வழக்கமான மண்ணைக் காணோம். மைதா போல வெள்ளைத் தூள். அவள் கணவன் கமலக்கண்ணன் பர்கூரில் கிரானைட் லாரி ஓட்டுகிறவன். கல் அறுக்கும் பட்டறையில் குவிந்து கிடந்த தூளை ஒரு மூட்டை அள்ளி வந்திருந்தான்.

"தரையில ஆயில் கொட்டுனா பட்டறையில இதத்தான் தூவுவாங்க, ஜெயா. சொட்டு விடாம உறிஞ்சிரும். ஓசில கெடச்சுச்சு."

"ஆயிலு கால் மொளச்சு வீடு பூரா நடக்குமாய்யா? இம்புட்டு நைசான தூசி பூனை மூக்குல ஏறுனா என்னத்துக்கு ஆகும்? கால வேற நக்குது பாருங்க!"

"காலையில போட்ட தூள மத்தியானமே கழுவிட்டுத்தான் புதுசு போட்டேன்."

"எங்க கழுவுனீங்க?"

அவன் பாத்ரூம் பக்கம் கண்ணைக் காட்டினான். பாத்ரூமில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஈரத்தூள் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

ஜெயமணி ஒரு கம்பியை அவன் கையில் திணித்தாள். "குத்துங்க. தண்ணி போறவரைக்கும் சோறு கெடையாது."

அவளுக்குக் கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பாஸ் போடும் வேலை. மறுநாள் அதே முறையில் மூன்று விதப் பூனை மண்ணைச் சின்ன பாக்கெட்டாக வாங்கி வந்து மூன்று தட்டில் கொட்டினாள். வாசனை போட்டதை நட்டு முகர்ந்துவிட்டு நேராக மெத்தைக்குப் போய் ஈரம் பண்ணியது. மரத்தூள் உருண்டையைத் திரும்பியே பார்க்கவில்லை. வாசனையில்லாத களிமண் குறுணையில்தான் போய் உட்கார்ந்தது. ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியானது. கையில் தூசி ஒட்டவில்லை. அதுவே பாஸ். தட்டுக்கு முன்னால் தேங்காய் நார் மிதியடி. காலையும் மாலையும் கட்டியை அள்ளி, கவரில் கட்டிக் குப்பைக்கு.

"பாத்ரூம்ல ஒரு குறுணை விழுந்துச்சு..." என்று கணவனிடம் பாதியில் நிறுத்தினாள். மீதி அவனுக்கே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சரோஜம்மாள் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்நேரம் பார்த்து நட்டு தட்டிலிருந்து இறங்கி, மிதியடியில் நடந்து, கறுப்புக் கல் வாசற்படியில் போய் உட்கார்ந்தது. சரோஜம்மாள் குனிந்து படியை விரலால் தேய்த்தாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"பூன இருக்கட்டும். இன்னொரு வாட்டி வெள்ளத் தடம் பாத்தேன், உன் வூட்டுக்காரன வெளிய அனுப்பிடுவேன்."

"நீங்க எதுக்கும்மா? நானே அனுப்பிர்றேன்," என்றாள் ஜெயமணி.

கமலக்கண்ணன் தலையே நிமிராமல், வெள்ளைத் தூள் படிந்த சரோஜம்மாளின் ராகியை ஏழாவது தடவையாக அலசிக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டுப் பூனைக்கு எந்த மண் ஒத்துப்போனது, அதற்குள் யார் யாரிடம் திட்டு வாங்கினார்கள்? ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள்.