சக்கரவர்த்தியின் மீசையும் என் கொலுசு மணியும்

என் வீட்டுக்காரர் சக்கரவர்த்திக்கு வாய் நீளம், மீசை அதைவிட நீளம். அந்த மீசையைப் போய் என் தம்பி கோபியிடம் பந்தயம் வைத்துவிட்டு வந்தார் என்று தெரிந்தபோது தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குத் தோசை கிடைக்கவில்லை.

எல்லாம் ஒரு தூண்டிலால் வந்தது. ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் இவர் வயரிங் வேலை செய்தபோது, அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. ஜிக் என்று பெயர். ஈயத் தலை, அதில் ஒரு முள், கழுத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி ரப்பர் நார். புழுவே வேண்டாம். அவர்கள் ஊரில் பாஸ் என்ற மீனுக்காகச் செய்ததாம். வேங்கிக்கால் ஏரி விராலுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது, பாய்ந்து பாய்ந்து கடித்தது. எங்கள் வீட்டு மீன் குழம்பு தெரு முனை வரைக்கும் மணத்தது. ஒரு நாள் முள் உடைந்தது. வேறு வாங்கலாம் என்று போனில் தேடினால், கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டதாம்.

"அந்த வெள்ளக்காரன் ஜிக்கு இல்லன்னா உன்னால ஒரு கெண்டைகூட புடிக்க முடியாது மாமா" என்று கோபி சீண்டியிருக்கிறான்.

இவர் சும்மா இருப்பாரா? "அதே மாதிரி நானே செய்றேன்டா மச்சான். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, ஏரியில உன்னவிடப் பெரிய மீனு புடிக்கலன்னா மீசையை எடுத்துடறேன்."

கோபிக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. பிறக்கும்போதே இவருக்கு மேலுதடு பிளந்திருந்தது. குழந்தையிலேயே ஆபரேஷன் செய்து தைத்துவிட்டார்கள், தழும்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே அழவைத்திருக்கிறார்கள். மீசை வந்த பிறகுதான் மனுஷன் நிமிர்ந்து நடந்தார். கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொன்னார். என் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

"கோபிகிட்ட சொல்லிடட்டுமா?" என்றேன்.

"சொன்னன்னா நான் உங்கூடப் பேசமாட்டேன்."

அன்றிலிருந்து மொட்டை மாடி தொழிற்சாலை ஆனது. டயர் கடையிலிருந்து, சக்கரத்தில் எடைக்கு ஒட்டும் ஈயத் துண்டுகள் வந்தன. உருக்குவதற்கு என் தாளிப்புக் கரண்டி போனது. இனி அது அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பழைய ஜிக்கைப் பதித்து பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் அச்சு எடுத்து, புது முள்ளை வைத்து ஈயத்தை ஊற்றினார். பலூனை நார் நாராக வெட்டிப் பாவாடை கட்டினார். தலைக்குப் பூச என் நெயில் பாலிஷ் போனது. பார்க்க அசல் அதேதான். ஆனால் ஏரியில் போட்டால் ஒரு விரால்கூடச் சீண்டவில்லை. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, அதனால் திட்டினேன்.

மாடியைப் பெருக்கும்போது பழைய ஜிக் துடைப்பத்தில் பட்டு உருண்டது. உள்ளே கலகலவென்று சத்தம். புதியதை உருட்டிப் பார்த்தேன், ஊமை.

"ஏங்க, இதுக்குள்ள இன்னாமோ குலுங்குது. நீங்க செஞ்சதுல அது இல்ல."

காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"கொலுசுல ஒரே ஒரு மணி சினேகா."

"ஏற்கனவே கரண்டி போச்சி" என்றேன். சொல்லிக்கொண்டேதான் கழற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு நானும் போனேன். கோபி, கடையில் வாங்கிய ரப்பர் தவளையைப் போட்டு ஒரு சின்ன விராலைப் பிடித்துவிட்டான். இவர் மணி கட்டிய ஜிக்கை வீசினார். தண்ணீர் கலங்கியது, கோல் வில்லாக வளைந்தது. என் கை நீளத்துக்கு விரால். கரைக்குப் பக்கத்தில் வந்து ஒரு புரட்டுப் புரட்டியது, தூண்டில் நரம்பு அறுந்தது. மீனும் போனது, ஜிக்கும் போனது, என் மணியும் போனது.

"கரைக்கு வராத மீனு கணக்குல இல்ல மாமா" என்று கோபி சிரித்தான்.

நான் வாயைத் திறந்தேன். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் ரேசரோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபி படம் பிடிக்கத் தயாராகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவனை நாலு அறை அறையலாம் போல் இருந்தது.

கதவு திறந்தது. தலை குனியாமல் வந்து நின்றார். உதட்டுக்கு மேலே கோணலாக அந்தத் தழும்பு. கோபி போனை இறக்கிப் பைக்குள் போட்டான். கிட்டே போய் உற்றுப் பார்த்தான்.

"இன்னா மாமா," என்றான் மெதுவாக, "தூண்டில் முள்ளு மாட்டின மாதிரி கீது?"

இவர் என் காலைப் பார்த்தார். ஒரு மணி குறைந்த கொலுசு.

"உங்கக்கா வீசினதுதான்டா. அதுலயும் மணி இருந்துச்சி."

அவர் சிரிப்பு முழுசாக எப்படி இருக்கும் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.