முன் பிரேக்

“வண்டி சாவியக் குடுப்பா.”

பெண்பிள்ளை வாய் திறந்து கேட்கவே கூடாது என்று அம்மா எச்சரித்திருந்ததைச் செல்வகுமாரி கேட்டே விட்டாள். அண்ணன் புகழ்வேந்தன், கரியமாணிக்கம் ஊர் வளைவில் கரும்பு டிராக்டரில் மோதிச் செத்த அதே வண்டி. நாளை முதல் தம்பி அரிகரன் ஓட்டப்போகிறான்.

அப்பா நாகராஜன் தலை நிமிரவில்லை. “உனுக்கு இன்னாத்துக்குடி?”

“முன் பிரேக் ஒயர மாட்டணும். வண்டிய ரிப்பேர் பாத்துட்டு இந்த தபாவும் கழட்டி உட்டுட்டியே!”

“அதப் புடிச்சா ஆளத் தூக்கி அட்ச்சிடும். ஊரே கழட்டிட்டுதான் ஓட்டுது. பட்டம் வாங்கிட்டா வண்டி தெரிஞ்சிடுமா?”

“திடுக்குன்னு புடிச்சாதான் தூக்கும். ரெண்டு பிரேக்கையும் சேத்து இறுக்கிக்கினே வந்திருந்தா நின்னிருக்கும்பா. டிராக்டரயே பாக்காம சந்து எங்கன்னு பாத்திருந்தா அண்ணன் பூந்து வந்திருப்பான். பின் பிரேக்க மட்டும் மிதிச்சு ரோட்டுல தேச்சுக்கினு போன கோட்ட நீயுந்தான பாத்த!”

“அப்ப நான்தான் அவனக் கொன்னேனா?”

“இருக்கறவனையாவது உட்டு வையிப்பா,” என்று கெஞ்சினாள்.

அவர் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

வண்டியைத் தள்ளச் சாவி எதற்கு? செல்வகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டே தெருவில் இறங்கினாள்.