ஆறாத பொடி

மில்லில் அரைத்து வந்த மிளகாய்ப்பொடியை விரித்து ஆறவைத்துத்தான் டின்னில் அடைக்க வேண்டும். என் மாமியார் முப்பிடாதியம்மாளுக்கு இது தெரியாமலில்லை. ஆனால் தாராவியில் எங்கள் வாசல் என்பது ஊரே நடக்கிற சந்து. அங்கே விரித்தால் கண் பட்டுவிடுமாம், ஆளுக்கொரு கை கேட்பார்களாம். மே மாதம், வருஷத்துக்கு ஆன பொடியைச் சுடச்சுட அமுக்கி மூடிவிட்டார்.

மழை பிடித்தபின் திறந்தேன். பொடி வேர்த்து, கட்டிகட்டியாய் நூல் கோத்துக் கிடந்தது. ஒரு கட்டி நகர்ந்தது. உடைத்தால் வெள்ளைப் புழு. எட்டிப் பார்த்த நாத்தனார் மாரிசெல்வி, பாத்திரம் கழுவும் மூலையான மோரிக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

"அத்தே, கொட்டிருவோம்."

"கொட்டுவியாட்டி? புழு என்ன மண்ணையா தின்னுச்சி? மொளகாயத்தான தின்னுச்சி. சலிச்சிப் போடு."

அன்றைக்குத்தான் மாரிசெல்வியைப் பேசி முடிக்க ஆண்டாப் ஹில்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சம்பந்தம் பிடித்தால்தான் நம் வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவார்கள். நான் சல்லடையைத் தொடமாட்டேன் என்றேன். அன்றைய குழம்புக்கு வேண்டியதை மட்டும் மாமியாரே சலித்தார். நெளிந்ததைச் சாக்கடையில் தட்டிவிட்டு, அதே கையால் புளி கரைத்தார். மீன் குழம்பு கமகமவென்று மணத்தது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"மைனி, இது மட்டும் அமையட்டும்," என்றாள் மாரிசெல்வி. "இந்தக் கருமத்த விட்டுத் தப்பிச்சிருவேன்."

மாப்பிள்ளையின் அம்மா பேராச்சி கை நனைத்தார். இரண்டாம் தரமும் குழம்பு கேட்டு வாங்கினார்.

"பொடி என்ன மணம் மதினி! எனக்குக் கொஞ்சம் கொடுங்க."

"தீந்துட்டே மதினி," என்று மாமியார் இழுத்தார். பத்துக்குப் பத்து வீட்டில் எதை ஒளிப்பது? கை கழுவ எழுந்த பேராச்சி, அடுப்பருகே இருந்த டின்னைத் திறந்தேவிட்டார். மாரிசெல்வி என் கையை இறுகப் பிடித்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பேராச்சி ஒரு கட்டியை எடுத்தார். விரலால் நசுக்கினார். முகர்ந்தார்.

"ஆறவைக்காம மூடிட்டியளோ? எங்க வீட்லயும் இதே கததான். சலிச்சாப் போச்சி." மாரிசெல்வியைப் பார்த்துச் சிரித்தார். "இனி சலிக்க எனக்கு ஆளாச்சி."

மாரிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு மோரிக்கு ஓடினாள்.

"பிள்ளைக்கு வெக்கம்," என்றார் பேராச்சி.