கறாரான இன்வெர்ட்டர்

அந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரம் ஆனால் தெருவில் ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருக்கும். இதை வீட்டு ஆட்கள் யாரும் பெரிதுபடுத்தவில்லை, இன்வெர்ட்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தெரு முழுக்க விளக்கு எரியும்போது அது மட்டும் 'டக்' என்று கரண்ட்டை உதறிவிட்டு பேட்டரிக்குப் போய்விடும். பேட்டரி இறங்கினால் கூவும். கூவினால் மூத்த மகள் உள் அறைக்கு ஓடுவாள். உள் அறையில் அப்பாவுக்குக் காற்று கொடுக்கும் மிஷின் அதை நம்பித்தான் ஓடியது. கரண்ட் நினைத்தால் போய், நினைத்தால் வரும் தெரு என்பதால் மிஷினை நேரே மாட்டவும் பயம்.

காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டே தாலி கட்டியதால் டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்ட எலக்ட்ரீஷியன் வந்தான். பிளக்கை மாற்றினான், நியூட்ரல் வயரை முறுக்கினான், பியூஸைப் போட்டான், வோல்டேஜ் அளந்தான். எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம். இன்வெர்ட்டர் பெட்டியைத் தன் கடைக்குத் தூக்கிப்போய் மாட்டினால் நாள் பூராவும் பசுவாட்டம் நின்றது. திருப்பிக்கொண்டு வந்து மாட்டினால் டக். வெளியே கேட்டருகில் வைத்து வயர் இழுத்தால் வேலை செய்தது. வாசற்படியைத் தாண்டினால் டக். கடைசியில், கரண்ட் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை போய்வருகிறது என்று காட்டும் மீட்டரை எடுத்துவந்தான். கேட்டில் ஐம்பது, முறைப்படி. கூடத்தில் ஐம்பத்தெட்டு.

"அக்கா, கரண்ட் சரியாத்தான் வருது. பெட்டியும் சரியாத்தான் இருக்கு" என்றான்.

"அப்புறம் என்னதான்டா?"

"வீடுதான் மெதுவாப் போவுது."

மகளுக்கு அது புதிதாகப் படவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தவர்கள் பஸ்ஸைக் கோட்டை விட்டது ஊருக்கே தெரியும். பரீட்சை முடிவுக்கும் வேலை உத்தரவுக்கும் காத்திருந்தவர்கள் அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அங்கே காத்திருப்பது கொஞ்சம் சீக்கிரம் முடியும் என்று. டெஸ்டரே, இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றித் தினமும் கடைக்குச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டிவிட்டு வீடு திரும்பும்போது, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

காரணம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. அப்பாவுக்கு ஆறு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடல் தாண்டி வேலையில் இருந்த சின்னவனுக்கு லீவு கிடைக்க ஏழு மாதம். இந்த இரண்டு கணக்கையும் கேட்ட அம்மா யாரோடும் வாதாடவில்லை. அன்று மாலையே ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். அந்த வீட்டில் அம்மா சொன்னால் சொன்னதுதான். மகள் கேட்டாள், அப்பா ஆயுசு பூராவும் கேட்டார், பொங்கும் பால்கூட அவள் முறைத்தால் அடங்கும். நேரமும் கேட்டுக்கொண்டது. வெளியிலிருந்து வந்த கரண்ட் மட்டும் அம்மாவை அறியாமல் தன் போக்கில் ஓடியது.

அன்று டெஸ்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பேட்டரியை இனித் தூக்க முடியாது என்றான். பெட்டி கூவ ஆரம்பித்திருந்தது. மகள் ஸ்டூலில் ஏறி கடிகாரத்தில் கை வைத்தாள்.

"கையை எடுடி" என்றாள் அம்மா.

"மிஷின் நின்னுடும்மா."

"நீ அதைச் சரி பண்ணிட்டா அவன் வர்றதுக்குள்ள இவரு நின்னுடுவாரு. எதுடி தேவலை?"

மகளால் முள்ளைத் தள்ளவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அம்மா அவளை அப்படியே விட்டுவிட்டு டெஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, ஊரே அனுசரிச்சுப் போகுது. இந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன இவ்வளவு கறாரு?"

கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்களுக்காகக் கம்பெனியிலேயே அப்படி வைத்து அனுப்புவார்கள் என்று டெஸ்டர் விளக்கினான். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஏற்றுக்கொள்கிற மாதிரியும் வைக்கலாம், அறுபத்தைந்து வரைக்கும் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினான்.

"அதை வைக்கிறதுக்கு என்னப்பா?"

பெட்டியின் முதுகில், ஒட்டடைக்குப் பின்னால், நகத்தளவு ஒரு சுவிட்ச் இருந்தது. இத்தனை நாளாக அவன் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை, முதுகைச் சுவரோடு ஒட்டியே வைத்துப் பழக்கம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து தள்ளினான். டக். கூவல் நின்றது, பச்சை விளக்கு வந்தது. மகள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். இறங்குமுன் கடிகாரத்தின் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

சின்னவன் வந்தான். பிளேனில் யோசித்து வைத்திருந்த மன்னிப்புப் பேச்சோடு கட்டிலருகே போய் நின்றான். அப்பா மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, வேலையை விட்டுட்டியா? இவ்வளவு சீக்கிரம் வந்து நிக்கிற?"

லீவு தீர்ந்தது. திரும்பிப் போகும் நாளில், வீட்டுக்குள் இருந்தால் பிளேன் போய்விடும் என்று விடிந்ததுமே பெட்டி படுக்கையோடு அவனைத் தெருவில் உட்கார வைத்தார்கள். கார் வந்தபிறகு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான். அம்மா வாயைத் திறக்குமுன் ஸ்டூலைப் போட்டு ஏறி, பெரிய முள்ளை அவனே பின்னால் தள்ளினான். அடுத்த லீவு தூரத்தில் இருந்ததால் கொஞ்சம் அழுத்தியே தள்ளினான்.

மறுநாள் டெஸ்டர் வந்து மீட்டரை வைத்தான். அறுபத்து மூன்று. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு தாங்கும், பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, மனைவி திட்டுவதற்குள் வேகமாக வெளியே நடந்தான்.